சைடு விங்கிலிருந்து: நாடகக் கேள்வி பதில்

பகலில் துறைமுகத்தில் டாலி கிளார்க், ராத்திரியில் நாடக மன்றங்களுக்கு, நடிகர் மறந்த வசனத்தை மறைவிலிருந்து எடுத்துக்கொடுக்கிற பிராம்ப்டர் என்று காலம் தள்ளியவன் நான். மேடையில் மற்றவர்கள் கைதட்டல் வாங்க, மேடையோர மறைப்பான சைடு விங்கில் டார்ச் லைட்டும் நோட்டுமாக நின்றிருக்கிறேன். எழுத ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். அதனால் என் பதில்களில் விங்கிலிருந்து பார்க்கிற பார்வைதான் இருக்கும். இந்த முறை வடசென்னைக் கடிதங்களாகவே பொறுக்கி எடுத்துவிட்டேன். நம்ம ஏரியா பாசம். மற்ற ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழ் உங்களுக்கு.

நாடகத்தின் அடிப்படைக் கூறுகள் ஆறு என்று அரிஸ்டாட்டில் சொன்னதாகப் படித்தோம். எழுத உட்காரும்போது ஆறையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுமா?
– கல்லூரி மாணவி, கொருக்குப்பேட்டை

பரீட்சைக்கு வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. கதைப்பின்னல், பாத்திரம், கருத்து, சொல்நடை, இசை, காட்சி. இதே வரிசையில் எழுதுங்கள், ஏனென்றால் மனுஷன் யோசித்துத்தான் அடுக்கியிருக்கிறார். கதைப்பின்னல்தான் உயிர் என்று முதலில் வைத்தார், பாத்திரத்துக்கு அடுத்த இடம் கொடுத்தார். கண்ணுக்குத் தெரிகிற ஜோடனையெல்லாம் அடங்கிய காட்சியைக் கடைசியில் தள்ளினார். நம் மன்றத்துக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். முதல் வாரமே செட்டுக்காரருக்கு அட்வான்ஸ் போய்விடும். கதை கடைசி வாரத்தில் வரும்.

எழுதும்போது நான் பிடித்துக்கொள்வது வேறு. நடிகர்கள் வசனத்தைக் கண்ட இடத்தில் மறப்பதில்லை என்பது பிராம்ப்டருக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். ஒரே நாடகத்தை வேறு வேறு ஆட்கள் நடித்தாலும் அதே இடத்தில்தான் திக்குவார்கள், அதே இடத்தில்தான் விங்கைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சுவார்கள். நோட்டில் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் காரணம் தெரியும். எதிரில் நிற்கிறவரிடமிருந்து அந்தப் பாத்திரத்துக்கு அங்கே எதுவுமே வேண்டியிருக்காது. ஆசிரியர் தன் கருத்தைச் சொல்ல அந்த வாயை வாடகைக்கு எடுத்திருப்பார். கடன் கேட்கிற காட்சியிலும், பெண் கேட்கிற காட்சியிலும், மாட்டிக்கொண்டவன் புளுகுகிற காட்சியிலும் யாரும் மறந்து நின்று நான் பார்த்ததில்லை. நாலு வார்த்தை முன்னே பின்னே வரும், அவ்வளவுதான்.

ஆகவே பேனாவை எடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஆளுக்கு இப்போது என்ன வேண்டும்? யார் குறுக்கே நிற்கிறார்கள்? எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கிறது? இதற்குப் பதில் தெரிந்த பிறகு ஆறு கூறுகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. கீழே காசிமேட்டுத் தம்பிக்கு எழுதியிருப்பதையும் படியுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தை வைத்து அரை மணி நேர நாடகம் எழுதி, எங்கள் குப்பத்துத் திருவிழாவில் போட்டோம். எழுதியதெல்லாம் உண்மை. ஆனாலும் பாதியிலேயே ஜனம் எழுந்து போய்விட்டது. பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கே தப்பு?
– விசைப்படகுத் தொழிலாளி, காசிமேடு

பிரதியை நிதானமாகப் படித்தேன் தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் லாஞ்சு கரையில் நிற்பது, கந்து வட்டி, டீசல் விலை, கைக்கு வந்து சேராத நிவாரணப் பணம், எல்லாம் இருக்கிறது. மீன் இனப்பெருக்கம் செய்கிற காலம், அதனால்தான் தடை என்று ஒரு அதிகாரி வந்து விளக்கம் சொல்கிறார். தகவலில் குறையில்லை. உங்கள் ஆட்கள் எல்லோரும் கடலைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்பதுதான் குறை. ‘கடலம்மா, எங்களை ஏன் சோதிக்கிறாய்’ என்று நாயகன் ஒன்றரைப் பக்கம் பேசுகிறான். கடல் பதில் சொல்லப்போவதில்லை. பதில் சொல்லக்கூடிய ஆளிடம் அவனைப் பேசவிடுங்கள்.

நல்ல சரக்கு ஒன்று உங்கள் பிரதியிலேயே கிடக்கிறது, கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள். கடைசிக்கு முந்தின காட்சியில் மனைவி ஒரு வரி சொல்கிறாள்: ‘செயினை வைத்துத்தான் எஞ்சின் வேலை பார்த்தோம்.’ அதே வீட்டில் பிளஸ் டூ முடித்த மகள் இருக்கிறாள். லாஞ்சைக் கரையேற்றி எஞ்சின் பிரிப்பது, பெயிண்ட் அடிப்பது, வலை பார்ப்பது எல்லாமே தடைக்காலத்தில்தான். காலேஜ் ஃபீஸ் கட்டுகிற பருவமும் அதே சமயம். செயின் ஒன்று, செலவு இரண்டு. லாஞ்சில் பங்கு வைத்திருக்கிற அவனுக்குத் தடை முடிகிற அன்று எஞ்சின் ஓடியாக வேண்டும். அவளுக்கு ஃபீஸ் கட்டியாக வேண்டும். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. உங்கள் நாடகம் அங்கே ஆரம்பிக்கட்டும். ஒரு மாதிரிக்கு நான் எழுதிப் பார்த்தேன். அவள் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள், அவன் வெளியிலிருந்து வருகிறான்.

அவன்: எஞ்சினு பிரிச்சுப் போட்டாச்சு. மெக்கானிக்கு நாளைக்கு வரேன்னுகீறான்.
அவள்: வரட்டும்.
அவன்: சும்மா வருவானா?
அவள்: காலேஜ்லேர்ந்து போன் வந்துச்சு. வெள்ளிக்கெயம கடைசி நாளாம்.
அவன்: (சற்று நேரம் கழித்து) இன்னா, கயுத்துல ஒண்ணியும் காணோம்?
அவள்: கசகசன்னு கீது. கயட்டி வெச்சிட்டேன்.
அவன்: எங்க வெச்ச?
அவள்: நவுரு. ஒலை கொதிக்குது.

செயின் என்ற சொல்லை இரண்டு பேருமே வாயில் எடுக்கவில்லை, பாருங்கள். எடுத்தால் சண்டை வரும் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், மணலில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கும் தெரியும். எப்போது எடுப்பார்கள் என்று பார்க்கவே ஜனம் உட்கார்ந்திருக்கும். அதிகாரி வந்து அவிழ்த்த மூட்டையில் பாதி இங்கேயே இறங்கிவிட்டது. எஞ்சின் பிரிந்து கிடக்கிறது, வருமானம் இல்லை, ‘வெள்ளிக்கெயம’ என்று கெடுவும் விழுந்துவிட்டது. நாடகத்தில் எந்தக் கெடுவையும் நடிகர் வாயால் சாதாரணமாகச் சொல்ல வையுங்கள், அழுத்திச் சொன்னால் ஆசிரியர் தெரிவார்.

இந்த இடத்தில் மகளை உள்ளே விடுங்கள். அவளுக்கும் ஒன்று வேண்டியிருக்கட்டும், அது இவர்கள் இருவரும் நினைக்காத ஒன்றாக இருக்கட்டும். ‘எனக்குக் காலேஜே வேணாம்பா’ என்று தியாகம் செய்கிற மகளாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். அந்த மகளை விங்கிலிருந்து பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன். அம்மா கழற்றி வைத்த செயின் இப்போது வைத்த இடத்தில் இல்லை, எங்கே போயிற்று என்று மகளுக்கு மட்டும்தான் தெரியும் என்று வைத்துப் பாருங்கள். மூன்று பேரும் ஒரே அறையில். மெக்கானிக் வாசலில் நின்று ‘அண்ணே’ என்று கூப்பிடுகிறான். மீதியை நீங்கள் எழுதுங்கள், என்னைவிட உங்களுக்கு அந்த வீடு தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தென் மாவட்டத்துப் பக்கம், தனித்தனி நடிகர்களை ஒரு ராத்திரிக்குச் சேர்த்துப் போடுகிற ஸ்பெஷல் நாடகம் பார்த்திருக்கிறீர்களா? நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் காலமானார். அவருடைய வள்ளி திருமணத்தை இன்றைக்கும் விடிய விடிய ஆடுகிறார்கள். தினைப்புனத்தில் வேடனாக வந்த முருகனும் வள்ளியும் போடுகிற தர்க்கத்துக்கே கூட்டம் காத்திருக்கும். அந்த இடத்தில் நடிகர்கள் சொந்தமாகவே பேசுவார்கள், இரண்டு பேருக்கும் போட்டி வந்துவிட்டால் நேரம் போவதே தெரியாது. அவனுக்கு அவள் வேண்டும், அவளுக்கு அவன் இடத்தைக் காலி பண்ண வேண்டும். பிராம்ப்டருக்கு அங்கே வேலையில்லை.

என் தாத்தாவின் அப்பா பி அண்ட் சி துணி மில் தொழிலாளி. 1921 வேலைநிறுத்தத்தை நாடகமாக எழுத ஆசை. 1918-ல் சங்கம் தொடங்கியதிலிருந்து ஆரம்பித்தேன். காட்சிகள் பெருகிக்கொண்டே போகின்றன, இன்னும் 1920-ஐத் தாண்டவில்லை. எங்கே தொடங்க வேண்டும்?
– வாசகர், புளியந்தோப்பு

சங்கம் பெரிய விஷயம்தான் தம்பி, மறுக்கவில்லை. 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா தலைமையில், திரு.வி.க. போன்றவர்கள் துணை நிற்க, பெரம்பூரில் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியத் தொழிற்சங்க வரலாற்றிலேயே முன்னோடி. வரலாறு எழுதுகிறவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நாடகம் எழுதுகிறவர் முடிவுக்கு எவ்வளவு பக்கத்தில் தொடங்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் தொடங்க வேண்டும். சொஃபக்ளிஸ் எழுதிய ஈடிபஸ் நாடகத்தில், அப்பனைக் கொன்றதும் தாயை மணந்ததும் நாடகம் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே முடிந்துவிட்டன. மேடையில் நடப்பது ஒரு விசாரணை மட்டும். கேட்கக் கேட்க, கேட்கிறவன் தலையிலேயே வந்து விடிகிறது.

1921-ல் என்ன நடந்தது என்று உங்கள் பேட்டையில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். எல்லாத் தொழிலாளரும் ஒன்றாக நிற்கவில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் மோதல், குடிசைக்குத் தீ, போலீஸ் துப்பாக்கிச்சூடு என்று அது போயிற்று. இதில் ஒருவனை நாயகனாகவும் இன்னொருவனை கருங்காலியாகவும் ஆக்கினால் பாட்டும் கொடியுமாக நாடகம் சீக்கிரம் முடிந்துவிடும், பொய்யாகவும் முடியும். வேலைக்குப் போனவனுக்கும் காரணம் இருந்தது. அந்தக் காரணத்துக்கு நாடகத்தில் நல்ல வக்கீல் வையுங்கள்.

நானாக இருந்தால் ஒரே ராத்திரியை எடுப்பேன். விடிந்தால் மில் சங்கு ஊதும். ஒரே பகுதியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் நின்ற இரண்டு பேர். ஒருவன் நாளைக்கு உள்ளே போவதாக முடிவு செய்துவிட்டான். போகாதே என்று சொல்ல இன்னொருவன் அவன் வீட்டுக்கு வருகிறான். வருகிறவன் மேல்சாதி. வாசல் வரைக்கும்தான் வருவான், குனிந்து உள்ளே நுழையமாட்டான். வீட்டுக்காரன் மனைவி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போகிறாள். அந்தச் சொம்பு காட்சி முழுக்க அங்கேயே இருக்கட்டும். ஒற்றுமையைப் பற்றி அவன் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் பார்க்கிறவர்கள் கண் சொம்பின் மேலேயே இருக்கும்.

நீங்கள் எழுதி வைத்த 1918 வீணாகாது. ஆனால் பழைய ஞாபகமாக அது வரக்கூடாது, கையில் எடுத்து அடிக்கிற கம்பாக வரவேண்டும். ‘சந்தா வாங்கும்போது என் கை தீட்டாத் தெரியலையா?’ என்று வீட்டுக்காரன் கேட்டால், சங்கம் தொடங்கிய கதையில் நமக்கு வேண்டியது வந்துவிட்டது. வாசலில் நிற்கிறவனுக்கும் ஒரு வலுவான பதில் கொடுங்கள். அவன் வீட்டிலும் அடுப்பு எரிந்து நாளாகியிருக்கும்.

நாடகம் ஒரே இடத்தில், ஒரே நாளில்தான் நடக்க வேண்டுமா?
– வாசகி, பெரம்பூர்

அப்படி விதி ஒன்றும் இல்லை. செயல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்தான் அரிஸ்டாட்டில் கறாராக இருந்தார். சூரியன் ஒருமுறை சுற்றுகிற நேரத்துக்குள் கதையை அடக்கப் பார்ப்பார்கள் என்று போகிற போக்கில் சொன்னார். இடத்தையும் சேர்த்துச் சட்டமாக்கியது 1570-ல் காஸ்டெல்வெட்ரோ என்ற இத்தாலியர். ஷேக்ஸ்பியர் அதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. ஆனாலும் ஒரே இடத்தில் எழுதுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். காசு மிச்சம். தவிர, செட்டு மாற்ற விளக்கை அணைக்கும்போதெல்லாம் கூட்டத்தில் நாலு பேர் டீ குடிக்க எழுந்து போவார்கள், திரும்பி வருவார்கள் என்று சொல்ல முடியாது.

சென்னைத் தமிழிலேயே முழு நாடகமும் எழுதலாமா? காமெடி என்று சிரித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– ஆட்டோ ஓட்டுநர், வியாசர்பாடி

எழுதுங்கள் தம்பி. சிரிக்கப் பழக்கியது நம் மேடைதான். பழைய சமஸ்கிருத நாடகத்தில் ராஜா சமஸ்கிருதம் பேசுவார், பெண்களும் விதூஷகன் என்கிற கோமாளியும் பிராகிருதம் என்ற பேச்சு மொழி பேசுவார்கள். சபா நாடகத்திலும் ஏறக்குறைய அதே ஏற்பாடு. எஜமானுக்கு ஒழுங்கான தமிழ், ரிக்‌ஷாக்காரருக்கும் வேலைக்காரம்மாவுக்கும் மெட்ராஸ் பாஷை. அவர்கள் வாயைத் திறந்தாலே சிரிக்க வேண்டும் என்று கூட்டத்துக்குப் பாடம் நடத்திவிட்டார்கள். சாவு வீட்டில் வியாசர்பாடிக்காரர் இலக்கணத் தமிழிலா அழுகிறார்?

பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபையை ஆரம்பித்தபோது தமிழ் நாடகம் பெரும்பாலும் பாட்டாகத்தான் இருந்தது. படித்த உத்தியோகஸ்தர்களை மேடையேற்றி, உரைநடையில் வசனம் பேச வைத்தார். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருக்கிற விக்டோரியா பப்ளிக் ஹாலில் அந்த நாடகங்கள் நடந்தன. பேச்சு வழக்கில் நாடகம் என்றால் இன்றைக்கு முகம் சுளிக்கிற மாதிரி, பாட்டில்லாத நாடகமா என்று அன்றைக்கும் கேட்டிருப்பார்கள்.

எல்லார் வாயிலும் ஒரே ‘இன்னாபா’, ‘கீது’ மட்டும் வேண்டாம். காசிமேட்டு மீன்காரம்மா பேச்சு வேறு, ஓட்டேரிப் பையன் பேச்சு வேறு, தெலுங்கு வீட்டில் பிறந்து மிண்ட் தெருவில் கடை வைத்திருப்பவர் பேச்சு வேறு. ஹார்பர் கிளார்க் ஆபீசில் ஒரு தமிழ் பேசுவார், வீட்டுக்கு வந்து கைலி கட்டியதும் இன்னொன்று பேசுவார். எழுதி முடித்ததும் பாத்திரப் பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு வசனத்தை மட்டும் படியுங்கள். யார் பேசுகிறார் என்று தெரியவில்லையென்றால் மறுபடி எழுதுங்கள். கெட்ட வார்த்தை வரலாமா என்றும் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். நாடகத்துக்கு ஒன்று போதும், அதுவும் யாரும் எதிர்பார்க்காத ஆள் வாயிலிருந்து.

எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு நாடகம் போடப்போகிறோம். மேடை, திரை, லைட்டு எதற்கும் பணமில்லை.
– இல்லத்தரசி, எம்.கே.பி. நகர்

தாராளமாகப் போடலாம் அம்மா. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மேடைக்கு அளவே இருக்கிறது. இருபத்துநாலு விரல் நீளக் கோலால் அளந்து, ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். திரையில் மட்டும் மூன்று வகை. தூணின் நிழல் ஆடுகிற இடத்தில் விழாதபடி விளக்கை வைக்கச் சொல்கிறார் இளங்கோ. இவ்வளவு சட்டதிட்டம் இருந்த நாட்டில்தான் கூத்துக்காரர்கள் இரண்டு ஆள் பிடித்த ஒரு துணியை வைத்துச் சமாளித்தார்கள். துணிக்குப் பின்னாலிருந்து பாட்டு வரும், சலங்கைக் கால் தெரியும், முகம் தெரியாது. துரியோதனன் வெளியே வருவதற்குள் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகூட எழுந்து உட்கார்ந்துவிடும்.

உங்களுக்கு ஒரு பழைய புடவை போதும். தெருவிளக்குக்கு எதிரில், மூன்று படி உள்ள ஒரு வீட்டு வாசலைப் பிடியுங்கள். விளக்கு பார்வையாளர் முதுகுப் பக்கம் இருக்கட்டும், நடிக்கிறவர் முகத்தில் விழட்டும். இளங்கோ சொன்ன தூணுக்குப் பதில் உங்களுக்கு ஈ.பி. கம்பம், அதன் நிழலைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் மாறியதைச் சொல்லக் கூத்தில் கட்டியங்காரன் இருப்பான். ராஜாவையே கேலி பண்ணுவான், ஒரு வரியில் நம்மைக் காட்டுக்கும் அரண்மனைக்கும் கூட்டிப்போவான். அந்த வேலையை உங்கள் தெருவில் தண்ணி லாரி வருகிற சேதியை வீடு வீடாகச் சொல்கிற பெண்ணிடம் கொடுங்கள். எல்லார் வீட்டு விவகாரமும் அவளுக்குத்தான் தெரியும்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு பிளாஸ்டிக் ஒழிப்பு நாடகம். கடைசியில் நீதி சொல்லியே ஆகவேண்டும் என்கிறார்கள்.
– ஆசிரியை, ராயபுரம்

டீச்சரம்மா, மார்க்கெட் காட்சி ஒன்று எழுதுங்கள். 2019 ஜனவரி 1-லிருந்து தடை, அதனால் கவர் தரமாட்டேன் என்கிறாள் மீன்காரம்மா. கவர் இல்லையென்றால் பக்கத்துக் கடைக்குப் போகிறேன் என்கிறார் வாங்க வந்தவர். காலையிலிருந்து போணியாகவில்லை, பக்கத்துக் கடையில் கவர் தருகிறார்கள். கொடுப்பாளா, மாட்டாளா? மீன்காரம்மாவாக நடிக்கிற பிள்ளை அந்த இடத்தில் நிஜமாகவே தவிக்கும். நீதியைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், கவர் கேட்டு அடம்பிடித்த ஆளையே வீட்டுக்குப் போய் அவர் மகனுக்குச் சொல்லவிடுங்கள். மேடை சிரிக்கும், தலைமையாசிரியருக்கும் திருப்தி.

அரை மணி நேர நாடகத்துக்கு எத்தனை பக்கம் எழுத வேண்டும்?
– வாசகர், மூலக்கொத்தளம்

பக்கக் கணக்கு உதவாது, உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியாது. நடிக்கிற மாதிரி வாய்விட்டுப் படித்து மணி பாருங்கள். நடப்பதற்கும் உட்காருவதற்கும் ஜனம் சிரிப்பதற்கும் இன்னும் கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாடகப் பிரதியைப் போலீசில் கொடுத்து அனுமதி வாங்கினால்தான் போடமுடியும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
– இளைஞர் மன்றத்தார், திருவொற்றியூர்

ஒரு காலத்தில் உண்மை. வெள்ளைக்காரன் 1876-ல் நாடகத்துக்கென்றே ஒரு சட்டம் போட்டான். சுதந்திரம் வந்த பிறகும் 1954-ல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது, அதைக் காட்டிப் பிரதியை முன்கூட்டியே கேட்பார்கள். நாடகக்காரரும் பத்திரிகையாளருமான ஞாநி போட்ட வழக்கில், 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆகவே எழுதியதைக் காட்டி யாரிடமும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை.

மைக்குக்கும் தெருவை அடைப்பதற்கும் அனுமதி வாங்கித்தான் ஆகவேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அதனால் தலைவர்கள் வாழ்த்துரைக்கு முன்னாலேயே நாடகத்தைப் போட்டுவிடுங்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை எல்லாம் முடிந்து நீங்கள் புடவையைத் திரையாகப் பிடிக்கும்போது ஒன்பதே முக்கால் ஆகியிருக்கும். உச்சக் காட்சியில் ஏட்டு மேடையேறி ஆம்ப்ளிஃபையரை அணைப்பார். அவரையும் நாடகத்தில் ஒரு பாத்திரம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டும்.